காரணம்: தலை அசைவு

எங்கள் மூளை ஆராய்ச்சி ஷாம்பு பாக்கெட்டில்தான் தொடங்கியது. கம்யூனிட்டி ஹாலின் பின்பக்கக் குழாயடியில் ஒரு கொடி கட்டி, சரம் சரமாக ஷாம்பு பாக்கெட்டுகளைத் தொங்கவிட்டிருந்தேன். 'ஆராய்ச்சிக்கு வருபவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரவும்' என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தோம். எங்கள் ஊர் ஆட்கள் அதை மரியாதையாக நின்று படித்தார்கள். படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்காரர்கள் முன்னால் பரட்டைத் தலையோடா போய் நிற்பது என்று, எண்ணெய் வழிய வழியப் படிய வாரிக்கொண்டு வந்தார்கள். எண்ணெய்த் தலையில் எங்கள் தொப்பி மூளை அலையைப் பிடிக்காது. அதனால் வருகிறவர் ஒவ்வொருவரையும் முதலில் குழாயடிக்கு அனுப்பினேன். சுரங்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்த ஆட்கள், காலை ஷிப்ட் முடிந்து வந்து, மூன்று மணி வெயிலில் வரிசையாகக் குனிந்து தலை அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அந்த வழியாகப் போன பெண்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் அப்போது பி.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். எங்கள் பிளாக்கில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் இன்ஜினீயரிங். நான் ஒருத்திதான் இப்படி. பல்கலைக்கழகம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போக ஒரு தூக்கம், வர ஒரு தூக்கம், இவள் தூங்கியே டிகிரி வாங்கிவிடுவாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வருஷத்தில் ஒரு நாள் எங்கள் துறையின் லேப் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஆய்வுக்கு உதவியாளர்கள் தேவை. இளநிலை மாணவர்களும் வரலாம்.' போனால் போகிறது, நீங்களும் வந்து தொலையுங்கள் என்று சொல்வது போல எனக்குப் பட்டது. அந்தக் கோபத்தில்தான் உள்ளே போனேன். என் வாழ்க்கையில் உருப்படியான காரியங்கள் பாதி கோபத்தில் நடந்தவைதான்.

உள்ளே ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தார். பொள்ளாச்சிப் பக்கம். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை வாங்க, போங்க என்றே பேசினார். பத்தொன்பது வயதுக்காரிக்கு இவ்வளவு மரியாதையா என்று முதல் வாரம் பூரித்துப்போனேன். கோபம் வந்தால் அந்த மரியாதை இன்னும் கூடும் என்பது இரண்டாம் வாரம்தான் தெரிந்தது.

அக்காவின் ஆராய்ச்சி, ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்களின் கவனம் பற்றியது. தலையில் வலை போன்ற தொப்பியை மாட்டி, ஒவ்வொரு துளையிலும் ஜெல் வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார். ஒரு சத்தம் கேட்கும். கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும். சத்தத்துக்கும் விரலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஷிப்ட் ஆட்களை எங்கே போய்த் தேடுவது என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஷிப்ட் பார்க்காதவரைத்தான் தேட வேண்டும். முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் பெண்ணின் அப்பாவுக்கு அந்த வாரம் என்ன ஷிப்ட் என்று கேட்கிற ஊர் அது. "அக்கா, எங்க ஊருக்கு வாங்க" என்றேன். பேராசிரியர் கடிதம் எழுதி, சுரங்க நிர்வாகம் சம்மதித்து, ஹாலை ஒட்டிய சின்ன அறையைக் கொடுத்தார்கள். கோடை விடுமுறையில் தொப்பியும் ஜெல்லும் பெட்டி பெட்டியாக எங்கள் டவுன்ஷிப்பில் வந்து இறங்கின. அக்காவுக்கு அங்கேயே லேடீஸ் ஹாஸ்டலில் அறை. எனக்கு என் வீடு. இதைவிட ஒரு கோடை எனக்கு வாய்க்குமா என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தவர் அப்பா. அவர் பெல்ட் ஆபரேட்டர். சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் மண்ணைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட்டின் தலைமாட்டில் ஒரு கேபின் இருக்கும். அதில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. அவருடைய குரூப்பில் அவரோடு எட்டுப் பேர். மற்ற ஏழு பேர் வீட்டுக்கும் நேரில் போய் அழைத்தார். "என் பொண்ணு ஆராய்ச்சி பண்ணிகினு இருக்குது. வந்து மூளையக் காட்டிட்டுப் போங்க." பொங்கலுக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா அவரை சார் என்று கூப்பிட்டபோது என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். உளவியல் படிக்கிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து அவர் முகத்தில் இருந்த சின்னக் கவலை அந்தப் பார்வையில் இல்லை.

குரூப்பில் பெரிய மீசை வைத்த மாமா ஒருவர் இருந்தார். அப்பாவின் கூட்டாளி, எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ். தொப்பியைக் கழற்றியதும், "உள்ள ஏதாவது கீதா, பாப்பா?" என்றார்.

"இருக்குது மாமா. அலையெல்லாம் நல்லா வந்துச்சு."

"அப்போ அத எழுதிக் குடுத்துடு. வூட்டுல இல்லைங்கிறாங்க, காட்டணும்."

இப்படியாகச் சிரித்துக்கொண்டே வேலை நடந்தது. ஒரே ஒரு தொந்தரவு, அந்த அறையின் மின்விசிறி. சுற்றும்போது கடகடவென்று சத்தம். மே மாதத்தில் அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. முதல் ஆள் வருவதற்கு முன்னால் சோதித்தபோதே, கம்ப்யூட்டரில் வைத்திருந்த சின்ன 'பீப்' அந்தக் கடகடவில் அமுங்கிப்போனது. அக்கா வேறு ஐந்து சத்தங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு என்னைக் கேட்டார். ஐந்தாவது, கொஞ்சம் நீளமாக, கீழிருந்து மெல்ல ஏறி நிற்கிற சத்தம். "இதுதான்க்கா நல்லா காதுல விழுது" என்றேன். அக்கா அதையே வைத்தார். பத்து நிமிஷத்தில் அதை நான் மறந்தும் போனேன்.

இளநிலை மாணவிக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குப்பை பொறுக்குவது. மூளை அலை என்பது மிகவும் மெல்லியது. ஆள் கண்ணைச் சிமிட்டினால் போதும், பல்லைக் கடித்தால் போதும், கழுத்தைத் திருப்பினால் போதும், அலை கிறுக்கலாகிவிடும். ஒருவருக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு. நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, கெட்டதைக் கழித்து, ஒரு அட்டவணையில் காரணம் எழுத வேண்டும். கண் சிமிட்டல். இருமல். தலை அசைவு. அப்பாவின் பெல்ட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது, நிலக்கரிக்கு மேலே மூடிக்கிடக்கும் மண்ணை அள்ளிக்கொண்டு போய்த் தூரத்தில் கொட்டுகிறது. அப்பனும் பெண்ணும் ஒரே உத்தியோகம் என்று அம்மா சொன்னாள். கழித்ததைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் எங்கள் இருவர் வேலையிலும் இல்லை.

மூன்றாவது வாரம் அக்கா கணக்குப் பார்த்தார். மண்வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள், ஒர்க்‌ஷாப் ஆட்கள், ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகம். பெல்ட் குரூப் எட்டுப் பேர் மட்டும் தனியாக, நன்றாகவே பின்தங்கியிருந்தார்கள். அதிலும் கடைசி ஆள் அப்பா. அக்கா பேனாவைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த இடத்துச் சத்தமோ, தூசியோ, இத்தனை வருஷ நைட் ஷிப்டோ தெரியலைங்க. இன்னும் பார்க்கணும். இது யாருக்கும் தெரியக் கூடாதுங்க. தனி ஆளோட ரிசல்ட்டை அவங்ககிட்ட சொல்லவே கூடாது, அது விதி" என்றார். நானும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுச் செய்த தப்பு இல்லை, வாய்த்துடுக்கு. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "எங்க ஆளுங்க எல்லாம் எப்படி பாப்பா?" என்று கேட்டார். "உங்க குரூப்பே ஸ்லோ. அதுலயும் நீதான்ப்பா லாஸ்ட்டு" என்று ஸ்கூல் பிள்ளையைக் கிண்டல் செய்வது போலச் சொன்னேன். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்.

மறுநாள் அவர் பைக்கை எடுக்கவில்லை. பெட்ரோல் இல்லையோ என்று நினைத்தேன். அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை, பஸ்ஸில் போனார். மார்க்கெட்டில் ரோட்டைக் கடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீயே பார்த்துப் போ" என்றார். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு திடீரென்று கேட்டார்.

"பாப்பா, அந்த மெஷின் தப்பா காட்டுமா?"

"சான்ஸே இல்லப்பா" என்றேன். என் மெஷினை யாரும் குறைசொல்லிவிடக் கூடாது என்ற பெருமை எனக்கு. எதற்காகக் கேட்கிறார் என்று யோசிக்கக்கூட இல்லை. மனித மனத்தைப் படிக்கிற படிப்பு என்று வேறு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "உன் கையெழுத்து நல்லா இருக்கும். ஒரு லெட்டர் எழுதணும்." பெல்ட் கேபினிலிருந்து தன்னை மாற்றி, ஸ்டோர்ஸ் மாதிரி ஏதாவது இலகுவான வேலையில் போடும்படி கேட்டு ஒரு விண்ணப்பம். திங்கட்கிழமை ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

"ஏன்ப்பா?"

"பெல்ட்டு ஓடிகினு இருக்கும். எவனாவது மாட்டிக்குவான். நிறுத்துறதுக்கு என் கை லேட்டாச்சுன்னா? நீயே சொல்லிட்டியே, நான் லாஸ்ட்டுன்னு." குரலில் வருத்தம்கூட இல்லை. முடிவு செய்த ஆள் பேசுகிற மாதிரி பேசினார். "எனக்கு ஸ்டோர்ஸ் போனா ஒண்ணும் குறைஞ்சிடாது. ஒரு உசுரு போச்சுன்னா திருப்பி வருமா?"

அவருக்கு அந்தக் கேபின் என்னவென்று எனக்குத் தெரியும். கான்ட்ராக்டில் மண் அள்ளப் போனவர், பல வருஷம் காத்திருந்து பர்மனன்ட் ஆகி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். லீவு நாளில்கூட மண் ஈரமா, பெல்ட் இழுக்கிறதா என்று மீசை மாமாவுக்கு போன் போட்டுக் கேட்பார். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் மெஷின் தப்பு என்று சொல், என்றார். என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. எழுதிக்கொடுத்தேன். நான் எழுதிய எந்தக் கட்டுரையும் அவ்வளவு அழகான கையெழுத்தில் வந்ததில்லை. எழுதி முடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

என் வாயால் வந்த வினை. திங்கட்கிழமைக்குள் இரண்டு நாள் இருந்தது. எங்காவது ஒரு கோளாறு கிடைக்காதா, ஒரு ஒயர் லூசாக இருந்திருக்கக் கூடாதா, பட்டன் சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அப்பாவின் துண்டுகளைத் திரும்பவும் பார்க்க ஆரம்பித்தேன். என் மெஷின் தப்பாகக் காட்டியிருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். ஆராய்ச்சி செய்கிறவள் செய்யக்கூடாத வேண்டுதல்.

கழித்த துண்டுகளைப் பார்த்தபோது ஒன்று தட்டுப்பட்டது. மற்றவர்களுக்குத் தலை அசைவு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. ஈ வந்தது, அரித்தது, கதவு திறந்தது என்று. அப்பாவுக்கு எல்லாம் ஒரே இடத்தில், சத்தம் வந்த உடனே. மீசை மாமாவுடையதைத் திறந்தேன். அதே இடம். பெல்ட் குரூப் எட்டுப் பேருக்கும் அதே இடம். எட்டுப் பேருடைய துண்டுகளையும் நானே என் கையால் கழித்திருந்தேன். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கத்தான் இல்லை.

உட்கார்ந்திருப்பவரின் கையையும் தலையையும் ஒரு சின்னக் கேமரா படம் பிடித்திருந்தது. சந்தேகம் வந்தால் மட்டும் பார்ப்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் அப்பாவின் வீடியோவைப் போட்டேன். அப்பா முந்தின நாள் பண்ருட்டி போய், ஒரு பெரிய பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். அதைப் பேப்பர் விரித்து, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு என் பின்னால் அறுத்துக்கொண்டிருந்தார். என் ஹெட்போன் அம்மாவிடம் இருந்தது, சீரியல் பார்க்க எடுத்தது திரும்பி வரவில்லை. அதனால் சத்தத்தோடு ஓடவிட்டேன்.

திரையில் அந்த நீளமான சத்தம் மெல்ல ஏறியது. அப்பாவின் விரல் பட்டனிலிருந்து சட்டென்று மேலே எழுந்தது. தலை வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் திரும்பியது. பிறகு விரல் இறங்கி அழுத்தியது. அடுத்த சத்தம். விரல் எழுந்தது, வலம், இடம், அழுத்தம். நான் திரையை இன்னும் நெருங்கிப் பார்த்தேன்.

"எத்தினி தடவடி அதயே போடுவ?" அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நிறுத்து. அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் அவரு பழம் அறுத்து முடிக்க மாட்டாரு."

திரும்பிப் பார்த்தேன். லேப்டாப்பில் சத்தம் ஏறியது. அப்பாவின் கத்தி பழத்திலிருந்து எழுந்து நின்றது. தலை வலப்பக்கம் போனது, இடப்பக்கம் வந்தது. கத்தி இறங்கியது. அவர் பாட்டுக்குச் சுளையை எடுத்துப் பாத்திரத்தில் போட்டார். தான் செய்வது அவருக்கே தெரியவில்லை.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, அப்பா ஏன் அப்படிப் பண்றாரு?"

"பெல்ட்டு சைரனாட்டம் கீதில்ல அது, அவரு போன் பேசுறப்போ பின்னால கேக்குமே" என்றாள் அம்மா, இது ஒரு கேள்வியா என்பது போல. "பெல்ட்டு கெளம்புறதுக்கு முன்னாடி சைரன் ஊதுனா பட்டன்ல கை இருக்கக் கூடாதாம். கைய எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் ஆளு கீதான்னு பார்த்துட்டுதான் ஸ்டார்ட் பண்ணணுமாம். கல்யாணமான புதுசுல குக்கர் விசிலுக்குக்கூட இப்படித்தான் திரும்பிப் பார்ப்பாரு. அப்புறம் அது பழகிடுச்சு."

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. அம்மாவைக் கட்டிப்பிடித்தேன், அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. சத்தம் கேட்டால் அழுத்து என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். சத்தம் கேட்டால் கையை எடு என்று இருபது வருஷமாக அவர் கை பழகியிருக்கிறது. அதுவும் ஐந்து சத்தங்களில் போயும் போயும் இதைப் பொறுக்கியவள் நான்.

அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் பறந்தேன். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். முதலில் என் தப்பைச் சொன்னேன், அப்பாவிடம் ரிசல்ட்டை உளறியதை, லெட்டரை, எல்லாவற்றையும். அக்கா சோப்புக் கையோடு நிமிர்ந்தார். "என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க நீங்க? ஒரு மனுஷர் வேலைய விட்டுட்டுப் போற அளவுக்குப் பேசியிருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குங்களா?" அத்தனை ங்க-வும் என் மேல் கல் மாதிரி விழுந்தது. வாங்கிக்கொண்டேன். பிறகு வீடியோவைக் காட்டினேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துணி வாளியிலேயே கிடந்தது.

தலை அவ்வளவாகத் திரும்பாத துண்டுகள் அப்பாவுக்கும் கொஞ்சம் இருந்தன. அக்கா அவற்றை மட்டும் அடுக்கி ஒன்றாக்கினார். ஒரு சத்தத்தைக் கேட்டு, இது நமக்கானது என்று மூளை புரிந்துகொள்ளும்போது அலையில் ஒரு மேடு எழும். எல்லாருக்கும் அது எழுகிற இடம் எங்களுக்குத் தெரியும். அப்பாவின் மேடு திரையில் மெதுவாக உருவாகி வந்தது. அதே இடம். நூல் பிசகவில்லை.

"மூளை லேட் இல்லீங்க" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. "சரியான நேரத்துக்குக் கேட்டு, புரிஞ்சு, ரெடியா இருக்கு. கையத்தான் யாரோ பிடிச்சு நிறுத்துறாங்க."

"அவரேதான்க்கா" என்றேன்.

உடனே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று குதித்தேன். அக்கா விடவில்லை. சத்தமே இல்லாமல், திரையில் ஒரு பச்சை வட்டம் வரும்போது அழுத்தச் சொல்ல வேண்டும். எட்டுப் பேருக்கும் அதே சோதனை, மற்ற குரூப்புக்கும் அதே சோதனை. ஏன் என்று முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது. முதல் ஆள் மட்டும் இன்றைக்கே. நீங்க அறைக்குள்ள வரக் கூடாதுங்க, நீங்க மகளுங்க, என்றார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அப்பா வந்தார். "திரும்பியும் எதுக்கு?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, சொல்லாமலே குழாயடிக்குப் போய்த் தலை அலசிக்கொண்டார். சட்டைப் பையில் நான் எழுதிய லெட்டர் நான்காக மடிந்து துருத்திக்கொண்டிருந்தது. கதவு மூடியது. அம்மாவும் அக்காவுக்கென்று ஒரு டப்பா பலாச்சுளையோடு வந்திருந்தாள். நாங்கள் இருவரும் வெளியே மரத்தடியில் நின்றோம். நான் நகத்தைக் கடித்தேன். அம்மா அக்காவுக்குக் கொண்டுவந்த சுளைகளில் பாதியைத் தின்றுவிட்டாள்.

கதவு திறந்து அக்கா வெளியே வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. "உங்கப்பா என்னைவிட வேகமுங்க. உங்களைவிட ரொம்பவே வேகமுங்க." என்னையும் பழகுவதற்காக அக்கா ஒரு முறை உட்கார வைத்திருந்தார். அந்த ரிசல்ட்டை நான் யாரிடமும் சொல்லவில்லை, விதிப்படி.

அப்பா நம்பவில்லை. தொப்பியோடு, நெற்றியில் ஜெல் வழிய உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் பார்த்தார். "எனக்காக ஏதும் மாத்திப் போட்டியா பாப்பா?"

"நான் உள்ளயே வரலப்பா."

"அப்போ அன்னிக்கு ஏன் லேட்டு?"

அக்கா என்னைப் பார்த்து, இந்த ஒரு தடவை விதியை மீறலாமுங்க, மத்த ஏழு பேர்கிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுங்க, என்றார். நான் வீடியோவைப் போட்டேன். அப்பா முதல் முறையாகத் தன் கையைத் தானே பார்த்தார். சத்தம் ஏறியது, திரையில் விரல் எழுந்தது, தலை வலம் இடம் திரும்பியது. அறையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையும் கூடவே திரும்பியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நாலைந்து முறை பார்த்த பிறகு அப்பா கேட்டார்.

"ரூம்ல யாருமே இல்லியே. யாரத் தேடுறேன் நானு?"

கேட்டுவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். தொப்பியின் ஒயர்கள் எல்லாம் குலுங்கின. மெஷினில் அலை என்ற பெயரில் என்னென்னவோ கிறுக்கியது, அத்தனையும் குப்பை, நாங்கள் யாரும் அதை நிறுத்தவில்லை. நாங்கள் தாமதம் என்று குறித்து வைத்த நேரமெல்லாம், யாராவது பெல்ட்டில் நிற்கிறார்களா என்று அவர் பார்த்த நேரம். ஆபத்து என்று தன் கையையே சந்தேகப்பட்டு வேலையை விடப் போனாரே, அந்தக் கைதான் இத்தனை வருஷமும் ஒவ்வொரு சைரனுக்கும் எழுந்து நின்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த பாதிப் பழத்தை அறுத்து முடித்தார். கத்தியில் பலாப் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து லெட்டரை எடுத்து, எண்ணெய் தொட்டு, கத்தியை அழுத்தித் துடைத்தார். என் அழகான கையெழுத்து பிசினோடு போய்க் குப்பையில் விழுந்தது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை பைக் கிளம்புகிற சத்தத்தில்தான் கண்விழித்தேன்.

அந்த வாரத்துக்குள் குரூப்பில் மற்ற ஏழு பேரும் வந்து பச்சை வட்டத்தை அழுத்தினார்கள். மற்ற ஆட்களுக்குக் கொஞ்சமும் குறையாத வேகம். மீசை மாமா, மூளை இருக்கிறது என்று இப்போதாவது எழுதிக் கொடுப்பாயா மாட்டாயா என்று வாசலில் நின்றார். அக்காவுக்குத் தெரியாமல் ஒரு தாளில் 'இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் அவர் வீட்டுப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

ஆராய்ச்சியில் நான் செய்த முதல் திருத்தம் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கழித்த துண்டுகளின் அட்டவணையைத் திறந்தேன். பெல்ட் குரூப்பின் வரிசைகளில், காரணம் என்ற கட்டத்தில், தலை அசைவு, தலை அசைவு, தலை அசைவு என்று என் கைப்படக் கீழே வரைக்கும் போயிருந்தது. வீடியோவை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அதை அழித்துவிட்டு, 'பெல்ட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்தார்' என்று டைப் அடித்தேன். அக்கா பின்னால் வந்து நின்று படித்தார். இப்படியெல்லாம் காரணம் எழுதக் கூடாதுங்களே என்றார். கீழே வரைக்கும் படித்துவிட்டு, சரி, இருக்கட்டுங்க என்றார். ஒன்றை அடித்து, காப்பி எடுத்து மற்ற கட்டங்களில் ஒட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் அடித்தேன்.